காற்று மாறினால் சொல்வான், மீன் கிடந்த இடத்தைச் சொல்ல மாட்டான்

கேள்வி – பதில்

போன இதழில் ஒரு பதிலின் ஓரத்தில், நம் பக்கத்துக் கடலின் சூடும் உப்பும் அளக்கப்பட்டு பிரான்ஸில் இருக்கும் பிரெஸ்ட் என்ற ஊருக்குப் போகின்றன என்று போகிற போக்கில் எழுதிவிட்டேன். தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை கடிதமும் வாட்ஸ்அப்பும் வந்து குவிந்துவிட்டன. பாதி சந்தேகம், மீதி கோபம். சரி, இந்த இதழில் சினிமாவுக்கும் அரசியலுக்கும் லீவு.

கேள்வி: பாம்பனில் ஒன்றாம் எண் கூண்டு ஏற்றிவிட்டார்கள் என்று டிவியில் சொல்கிறான். கடையை விட்டு வெளியே வந்து பார்த்தால் வெயில் மண்டையைப் பிளக்கிறது. யாரைக் கேட்டு ஏற்றுகிறார்கள்? (டீக்கடைக்காரர், பாம்பன்)

ஒன்றாம் எண் கூண்டு என்றால் புயல் உங்கள் பாய்லர் பக்கத்தில் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. தூரத்தில், நடுக்கடலில் எங்கோ புயல் உருவாகக்கூடிய நிலைமை இருக்கிறது, கவனமாக இருங்கள் என்பதுதான். அந்தமான் பக்கம் காற்றழுத்தம் இறங்குவதை டீக்கடை வாசலில் நின்று பார்க்க முடியாது. அதைப் பார்ப்பது அந்த வழியாகப் போகிற ஏதோ ஒரு நாட்டுச் சரக்குக் கப்பல், நங்கூரம் போட்டு நிறுத்திய மிதவை, நம்முடைய செயற்கைக்கோள், ஐரோப்பாக்காரன் செயற்கைக்கோள், அமெரிக்காக்காரன் செயற்கைக்கோள். இவை பார்த்ததையெல்லாம் நாடுகள் ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொள்ள உலக வானிலை அமைப்பின் கீழ் 1963லிருந்தே ஒரு ஏற்பாடு இருக்கிறது. வங்காள விரிகுடாவுக்கும் அரபிக்கடலுக்கும் புயல் பற்றிச் சொல்லும் பொறுப்பு டெல்லி மையத்துக்கு. அது 13 நாடுகளுக்கு வேலை பார்க்கிறது, பாகிஸ்தானும் அதில் ஒன்று. 2023 ஜூனில் பிபர்ஜாய் புயல் குஜராத்தை நோக்கி வந்தபோது டெல்லியின் அறிக்கை கராச்சிக்கும்தான் போனது. கிரிக்கெட் ஆடுவதற்கு இல்லாத உறவு புயலுக்கு இருக்கிறது.

நம் ஊர்க் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 1964 டிசம்பர் 22 ராத்திரி தனுஷ்கோடியை விழுங்கிய புயல் நேராக இங்கே வரவில்லை. முதலில் இலங்கையை அடித்துக் கடந்துவிட்டுத்தான் இக்கரைக்கு வந்தது. அன்றைக்கு வானிலைச் செயற்கைக்கோள் என்பதே கைக்குழந்தை. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பயணிகள் ரயில் திரும்பவில்லை. 2020 டிசம்பரில் புரெவி புயல் ஏறக்குறைய அதே பாதைதான்: திருகோணமலைப் பக்கம் கரை ஏறி, மன்னார் வளைகுடாவில் இறங்கி, பாம்பனை நோக்கி வந்து வலுவிழந்தது. ஆனால் அந்த முறை சில நாள் முன்னாலேயே கடலுக்குப் போவதற்கான அனுமதி டோக்கனை நிறுத்திவிட்டார்கள், படகெல்லாம் கரையில். கூண்டு ஏறும்போது வெயில் அடித்தால் சந்தோஷப்படுங்கள், சீக்கிரம் சொல்லியிருக்கிறார்கள்.

கேள்வி: என் மச்சான் வலையில் ஆள் உயரத்துக்கு ஒரு மஞ்சள் குழாய் மாட்டியது. தலையில் கம்பி நீட்டிக்கொண்டிருந்ததாம். குண்டோ என்னவோ என்று பயந்து திரும்பக் கடலிலேயே தள்ளிவிட்டான். அது என்ன? (மூக்கையூர்)

கண்ணால் பார்க்காமல் அடித்துச் சொல்ல மாட்டேன், ஆனால் நீங்கள் சொல்கிற அடையாளத்துக்கு அது ஆர்கோ மிதவையாக இருக்க வாய்ப்பு அதிகம். அடுத்த தடவை எது மாட்டினாலும் திருகிப் பார்க்காமல் முதலில் கடலோரக் காவல் குழுமத்துக்கு 1093ல் போன் போடச் சொல்லுங்கள். நிஜமாகவே வேறு ஏதாவதாக இருந்தாலும் அதுதான் வழி.

ஆர்கோ மிதவை என்பது தானாக முங்கி எழுகிற கருவி. உலகக் கடல்களில் இப்போது கிட்டத்தட்ட 4,000 மிதக்கின்றன. ஏறக்குறைய பாதி அமெரிக்கா போட்டது, மீதியை முப்பதுக்குப் பக்கமான நாடுகள் பங்கு போட்டுக்கொண்டன, இந்தியாவும் போட்டிருக்கிறது. ஒவ்வொன்றும் 1,000 மீட்டர் ஆழத்துக்கு இறங்கி, அங்கே இருக்கிற நீவாடு (நீரோட்டம்) இழுக்கிற பக்கம் ஒன்பது நாள் போல சும்மா மிதந்து போகும். அப்புறம் 2,000 மீட்டருக்கு இறங்கி, அங்கிருந்து மேலே வரும் வழியெல்லாம் சூடு எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று குறித்துக்கொண்டே வந்து, தலையை நீட்டிச் செயற்கைக்கோளுக்குச் சொல்லிவிட்டுத் திரும்ப முங்கிவிடும். பத்து நாளுக்கு ஒருமுறை இந்தச் சுற்று. பேட்டரி தீரும்வரை நாலைந்து வருடம் இதே வேலை.

அதற்கு மோட்டார் விசிறி எதுவும் கிடையாது, பிறகு எப்படி ஏறுகிறது? உங்களுக்குச் சொல்வது சுலபம். கூறல் கத்தாழை மீனின் நெட்டியை, அதாவது வயிற்றுக்குள் இருக்கிற காற்றுப்பையைப் பார்த்திருப்பீர்கள், ஏலத்தில் மீனை விட அதற்குத்தானே விலை. மீனுக்கு நெட்டி என்ன வேலை செய்கிறதோ அதையே மிதவையின் அடியில் ஒரு ரப்பர் பை செய்கிறது. உள்ளே இருக்கிற எண்ணெயைப் பைக்குத் தள்ளினால் பை உப்பும், எடை அதேதான் ஆனால் இடம் அதிகம் அடைக்கும், மேலே வரும். எண்ணெயை உள்ளே இழுத்தால் இறங்கும். அவ்வளவுதான் சூட்சுமம்.

இந்தியாவின் மிதவைகள் சொல்வதை வாங்கிச் சரிபார்ப்பது ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற மத்திய அரசின் கடல் தகவல் மையம். அங்கிருந்து பிரெஸ்டுக்கும் அமெரிக்காவின் மான்டரேவுக்கும் போய், பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று வைத்துவிடுகிறார்கள். வந்ததை அப்படியே நம்புவதும் இல்லை, ஏலக்கூடத்தில் தரம் பிரிப்பது போல ஒவ்வொரு அளவுக்கும் ஓர் எண் போடுகிறார்கள், 1 என்றால் நல்லது, 4 என்றால் கழிசல்.

ஒரு வேண்டுகோள். நங்கூரம் போட்ட பெரிய மிதவைகளின் நிழலில் மீன் அடையும் என்பது நமக்கெல்லாம் தெரியும், அதில் கயிற்றைக் கட்டிப் படகை நிறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தக் கயிறு இழுத்துக் கருவி செத்தால், அடுத்த புயலின் முதல் சேதியும் செத்துப்போகும். மச்சானிடம் சொல்லிவையுங்கள்.

கேள்வி: உலகத்தில் எவனும் எதையும் சும்மா கொடுக்க மாட்டான். அமெரிக்காக்காரன் தன் காசில் மிதவை போட்டு நமக்கு ஏன் கணக்குக் கொடுக்கிறான்? நாம் ஏன் அவனுக்குக் கொடுக்கிறோம்? இதில் யாருக்கு லாபம்? (விசைப்படகு உரிமையாளர், தங்கச்சிமடம்)

சும்மா கொடுக்க மாட்டான் என்பதில் எனக்கும் உங்களுக்கும் சண்டை இல்லை. ஆனால் நீங்களே படகுக்காரர், உங்களுக்குத் தெரியாததையா நான் சொல்லப்போகிறேன்?

சில வருடம் முன்னால் ஒரு நண்பரின் படகில் ஒரு ராத்திரி கூடப் போனேன். வயர்லெஸ்ஸில் பக்கத்துப் படகு கேட்கிறது, "என்னண்ணே, பாடு எப்படி?" இவர் சொல்கிறார், "டீசலுக்குக்கூடத் தேறாதுப்பா." சொல்லும்போது அவர் கால் எங்கே இருக்கிறது தெரியுமா, இறால் பெட்டி மேலே. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை, வாயில் விரலை வைத்து முறைத்தார். அடுத்த ஒரு மணி நேரத்தில் காற்று திரும்பியது, கிழக்கே கொண்டல் பக்கம் கருப்பாக ஒரு கோடு. அதே மனிதர் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படகாகப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார். வலை அறுத்த விஷயத்தில் ஆறு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லாத ஒரு படகு, அதையும் கூப்பிட்டார். அவன் முங்கினால் தேடப்போகிறது இவர்தான், நாளைக்கு இவர் முங்கினால் தேடப்போகிறது அவன்தான்.

நாடுகளும் இதேதான். மீன் கிடந்த இடத்தைச் சொல்ல மாட்டார்கள், காற்று மாறினால் சொல்வார்கள்.

இது இன்றைக்கு வந்த பழக்கமும் இல்லை. அமெரிக்கக் கடற்படையில் மாரி என்று ஒருவர் (நம் ஊர் மாரி இல்லை, மாத்யூ ஃபான்டெய்ன் மாரி) 19ஆம் நூற்றாண்டில் ஒரு வியாபாரம் பேசினார். உங்கள் கப்பலில் தினம் எழுதுகிற காற்று, நீரோட்டக் குறிப்பை எனக்குக் கொடுங்கள், எல்லோர் குறிப்பையும் சேர்த்து நான் போட்ட வரைபடத்தை இலவசமாகத் தருகிறேன். கொடுத்த மாலுமிக்குப் பயண நாள் குறைந்தது, ஆக எல்லோரும் கொடுத்தார்கள். 1853ல் பிரஸ்ஸல்ஸில் பத்து நாடுகள் உட்கார்ந்து, எல்லாக் கப்பலும் ஒரே மாதிரி குறிப்பு எழுத வேண்டும் என்று பேசினார்கள். அதற்கு நூறு வருடம் கழித்து அமெரிக்காவும் ரஷ்யாவும் அணுகுண்டை வைத்துக்கொண்டு முறைத்த காலத்தில், 1957-58ல், உலகத் தரவு மையம் ஒன்றை அமெரிக்காவிலும் ஒன்றை ரஷ்யாவிலும் வைத்து கடல் கணக்கைப் பரிமாறிக்கொண்டார்கள். 1961ல் யுனெஸ்கோவின் கடலியல் ஆணையம் இதற்கென்றே நிரந்தரமாக ஓர் ஏற்பாடு செய்தது.

கொடுக்கல் வாங்கல் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை நாம் 2004ல் பார்த்தோம். டிசம்பர் 26 காலை 6.29க்கு சுமத்ராவில் பூமி நடுங்கியது. ஹவாயில் இருந்த பசிபிக் சுனாமி மையத்துக்குக் கால் மணி நேரத்தில் நடுக்கம் தெரிந்துவிட்டது. தெரிந்து என்ன செய்ய, இந்தியப் பெருங்கடலில் அலையை அளக்க ஓர் ஆழ்கடல் மிதவை இல்லை, சொல்வதற்கு யாருக்குப் போன் போடுவது என்று ஒரு பட்டியல் இல்லை. நாகப்பட்டினத்தில் அலை ஏறியபோது இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. நம் மாவட்டத்தை இலங்கை மறைத்துக்கொண்டது, அதிர்ஷ்டம். 2007ல் ஹைதராபாத்தில் சுனாமி மையம் வந்தது. 2011லிருந்து இந்தியா, ஆஸ்திரேலியா, இந்தோனேசியா மூன்றும் இந்தப் பெருங்கடலின் கரை நாடுகளுக்கெல்லாம் சேதி சொல்லும் பொறுப்பை எடுத்துக்கொண்டன. நிலநடுக்கமானி ஒரு நாட்டில், அலைமானி இன்னொரு நாட்டில், செத்துப்போவது மூன்றாவது நாட்டில் என்று இருக்கும்போது தனியாக எவனும் ஒன்றும் கிழிக்க முடியாது.

கள்ளக்கடல் எச்சரிக்கை உங்கள் போனுக்கு வருகிறதே, அந்த அலை எங்கே பிறக்கிறது? ஆப்பிரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் நடுவில், தெற்கே, மனிதவாடையே இல்லாத கடலில் அடிக்கிற புயலில். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நடந்து, இங்கே காற்றே இல்லாத ஒரு நாளில் கரை ஏறி வந்து வத்தையை (சின்னப் படகை) புரட்டிப் போடுகிறது. அங்கே அளக்கிறவன் நமக்குச் சொல்லாவிட்டால் நமக்கு அது கள்ளனாகத்தான் வரும்.

லாபம் யாருக்கு என்றால், கொடுத்ததை விட எல்லோருக்கும் அதிகமாக வருகிறது. நம் ஓஷன்சாட்-2 செயற்கைக்கோள் அளந்த கடல் காற்றை ஐரோப்பா, அமெரிக்கா வானிலைக்காரர்கள் வாங்கிப் பயன்படுத்தினார்கள். நாம் கையேந்தி மட்டும் நிற்கவில்லை.

கேள்வி: அப்படியானால் ஆராய்ச்சிக் கப்பல் என்ற பெயரில் சீனாக்காரன் இலங்கைக்கு வருவதும் இந்தக் கணக்கில்தானா? (ராமநாதபுரம்)

இங்கேதான் சிக்கல். காற்று வேறு, மீன் வேறு என்று மேலே சுலபமாகச் சொல்லிவிட்டேன், ஆனால் கடலில் சில கணக்கு இரண்டுமாக இருக்கும். ஆழத்துக்கு ஆழம் தண்ணீரின் சூடும் உப்பும் தெரிந்தால் புயலுக்கு எவ்வளவு தீனி இருக்கிறது என்று சொல்லலாம். அதே எண்களை வைத்துக்கொண்டு தண்ணீருக்குள் சத்தம் எப்படி வளைந்து போகும், நீர்மூழ்கி எங்கே ஒளியலாம் என்றும் சொல்லலாம். எண் ஒன்றுதான், வாங்குகிறவன் யார் என்பதில்தான் எல்லாம்.

அதனால்தான் ஐ.நா. கடல் சட்டத்தில் ஒரு வேலி போட்டிருக்கிறார்கள். கரையிலிருந்து 200 கடல் மைல், அதாவது 370 கிலோமீட்டர் வரை வேறு நாட்டுக்காரன் ஆராய்ச்சி செய்ய வேண்டுமென்றால் கரை நாட்டிடம் ஆறு மாதம் முன்னால் விவரம் கொடுத்துச் சம்மதம் வாங்க வேண்டும், கண்டுபிடித்ததையும் அந்த நாட்டுக்குக் காட்ட வேண்டும். 2022 ஆகஸ்டில் யுவான் வாங் 5 அம்பாந்தோட்டைக்கு வந்தபோது சீனா அதை ஆராய்ச்சிக் கப்பல் என்றது, இங்கே எல்லோரும் உளவுக் கப்பல் என்றார்கள். இரண்டு பக்கமும் அழுத்திய அழுத்தலில், 2024 ஜனவரியிலிருந்து ஒரு வருடத்துக்கு எந்த நாட்டு ஆராய்ச்சிக் கப்பலும் வரவேண்டாம் என்று இலங்கை கதவைச் சாத்தியது. அப்படிச் சாத்தும்போது உளவாளியோடு சேர்த்து நிஜமான ஆராய்ச்சிக்காரனும் வெளியே நிற்பான். என்னைக் கேட்டால், சந்தேகத்துக்கு மருந்து கதவைச் சாத்துவது இல்லை. நம் ஆள் ஒருவனையும் அந்தக் கப்பலில் ஏற்றிவிடு, அளந்ததை அன்றைக்கே எல்லோருக்கும் போடு. கரை நாட்டு விஞ்ஞானி கூடப் போவதற்கு அந்தச் சட்டத்திலேயே இடமும் இருக்கிறது.

கேள்வி: நிலாவையே அங்குலம் அங்குலமாகப் படம் எடுக்கிறார்கள். கடலடி மட்டும் தெரியாதா? (பிளஸ் டூ மாணவர், தேவிபட்டினம்)

தெரியாது தம்பி. சோனார் வைத்து ஒழுங்காக அளந்தது உலகக் கடலடியில் கால்பங்கு சொச்சம்தான். 2014ல் மலேசிய விமானம் எம்ஹெச் 370 காணாமல் போய், தெற்கு இந்தியப் பெருங்கடலில் தேடப் போனபோதுதான் அங்கே இருக்கிற மலையும் பள்ளமும் முதல்முறையாகச் சரியாகத் தெரிந்தன. விமானம் கிடைக்கவில்லை. அளந்த வரைபடத்தை ஆஸ்திரேலியா 2017ல் எல்லோருக்கும் பொதுவாக வெளியிட்டது.

கேள்வி: கல்லூரி புராஜெக்டுக்கு மன்னார் வளைகுடாவின் கடல் வெப்பக் கணக்கு வேண்டும். யாரிடம் சிபாரிசு பிடிக்க வேண்டும்? (மாணவி, கீழக்கரை)

யாரிடமும் வேண்டாம். ஆர்கோ கணக்கை இப்போதே இறக்கிக்கொள்ளலாம், இன்காய்ஸ் தளத்திலும் ஐரோப்பாவின் கோபர்நிகஸ் தளத்திலும் நிறைய இருக்கிறது, சிலதுக்குப் பெயர் பதிந்தால் போதும். எக்செலில் திறந்து பார்த்துவிட்டுக் கோப்பு கெட்டுப்போய்விட்டது என்று எனக்கு எழுதாதீர்கள். அது நெட்சிடிஎஃப் என்ற வகை. பைத்தான் என்ற கணினி மொழி வரும் என்றால் நல்லது, வராவிட்டால் ஓஷன் டேட்டா வியூ என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது, ஒரு வாரத்தில் பழகிவிடும். பவளப்பாறை பற்றி என்றால் 2010, 2016 இரண்டு வருடமும் இங்கே பவளம் வெளுத்த வருடங்கள், அங்கிருந்து தொடங்குங்கள்.

கேள்வி: புயலுக்குக் கஜா என்று பெயர் வைத்தது யார்? (தொண்டி)

இலங்கை. அப்போது எட்டு நாடுகள் முன்கூட்டியே பெயர் கொடுத்து வைத்திருந்தன, வரிசையில் அவர்கள் முறை வந்தது. அடி வாங்கியது நாம்.

கேள்வி: கடல்பாசி எடுக்கிற எங்களிடம் படித்தவர்கள் வந்து எத்தனை கிலோ, எந்தத் தீவு, எந்த மாசம் என்று எழுதிக்கொண்டு போகிறார்கள். திரும்பி வந்து என்ன கண்டுபிடித்தீர்கள் என்று ஒருவரும் சொன்னதில்லை. வெளிநாட்டுக்கு மட்டும் கொடுப்பீர்களா? (சின்னப்பாலம்)

அக்கா, இந்த இதழில் வந்ததில் சிறந்த கேள்வி உங்களுடையது, பதில்தான் என்னிடம் சரியாக இல்லை. எனக்கும் இதில் பங்கு உண்டு. எட்டு வருடம் முன்னால் ஒரு ஆய்வுக் குழுவோடு மொழிபெயர்க்க வந்து, ஒரு பிற்பகல் முழுக்க உங்கள் ஊர்ப் பெண்களிடம் கேள்வி கேட்டேன். கையில் துணி சுற்றிக்கொண்டு, பழைய செருப்பைக் கட்டிக்கொண்டு பாறையில் ஏறுவதை ஓர் அம்மா நடந்தே காட்டினார். அறிக்கை இங்கிலீஷில் வந்தது. அதைத் தமிழில் நாலு பக்கமாவது ஆக்கிக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று அந்தக் குழுவிடம் சொன்னேன், பணம் முடிந்துவிட்டது என்றார்கள். நானாகவாவது செய்திருக்கலாம், செய்யவில்லை.

இத்தனைக்கும் மாதத்தில் பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள், அமாவாசையை ஒட்டி ஆறு நாள் என்று பன்னிரண்டு நாள் மட்டும் எடுப்பது, மற்ற நாளில் பாசியை வளர விடுவது என்று கட்டுப்பாடு வைத்தவர்கள் நீங்கள்தான். எந்தத் தீவில் எந்த வருடம் மரிக்கொழுந்துப் பாசி குறைந்தது என்று உங்கள் வாயில் இருக்கிற கணக்கு எந்த நாட்டின் மையத்திலும் இல்லை. அடுத்து யாராவது நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தால், போன தடவை எழுதியதைத் தமிழில் கொண்டுவா, அப்புறம் பேசலாம் என்று சொல்லுங்கள். சங்கத்தில் எல்லோரும் சேர்ந்து சொன்னால் கொண்டுவந்துதான் ஆக வேண்டும்.

கேள்வி: பாக் விரிகுடாவில் உங்கள் மிதவை எதையும் நான் பார்த்ததில்லை. எங்கள் நாட்டுப்படகிலேயே ஒரு கருவியைக் கட்டிவிட்டால் என்ன? தினம் போகிறோம், வருகிறோம். (நாட்டுப்படகு மீனவர், மோர்ப்பண்ணை)

பார்த்திருக்க மாட்டீர்கள் அண்ணே. 2,000 மீட்டர் முங்குகிற கருவியை, பெரும்பகுதி பத்து மீட்டரைச் சுற்றியே ஆழம் இருக்கிற பாக் விரிகுடாவில் போட்டால் சேற்றில் குத்தி நிற்கும். செயற்கைக்கோளும் மேல்தண்ணீரைத்தான் பார்க்கும், அடியில் என்ன நடக்கிறது என்பது அதற்குத் தெரியாது.

நீங்கள் சொல்கிற யோசனை வெளியே நடக்கிறது. அமெரிக்காவின் வடகிழக்குக் கரையில் சிங்கி இறால் பிடிக்கிறவர்கள் தங்கள் கூட்டில் வெப்பமானியைக் கட்டிப் பல வருடமாக அடித்தண்ணீரின் சூட்டை அளந்து கொடுக்கிறார்கள். நியூசிலாந்தில் மோவானா என்ற திட்டத்தில் வலையிலும் தூண்டிலிலும் கட்டுகிற சின்னக் கருவி செய்தார்கள், வலையோடு இறங்கி வலையோடு ஏறும், படகுக்கு வந்ததும் தானாகச் செய்தியை அனுப்பிவிடும். படகுக்காரருக்கும் அவர் அளந்தது திரும்ப வரும். இப்போது பல நாடுகள் சேர்ந்து, மீன்பிடிப் படகுகளை வைத்துக் கடல் அளக்க ஒரு கூட்டமைப்பே வைத்திருக்கிறார்கள். இங்கே மோர்ப்பண்ணையிலிருந்து பத்துப் படகும் இலங்கையின் மன்னாரிலிருந்து பத்துப் படகும் அளந்தால், இந்தக் குட்டிக் கடல் மாதிரி விவரமாக அளக்கப்பட்ட கடல் ஆசியாவில் இருக்காது. நண்டும் இறாலும் இந்தியாவும் இலங்கையும் 1974ல் போட்ட எல்லைக் கோட்டைப் பார்த்துத் திரும்புவதில்லை, ஆக ஒரு பக்கம் மட்டும் அளந்தால் பாதிக் கணக்குத்தான்.

ஆனால் கட்டுவதற்கு முன்னால் ஒன்றைக் கேட்டு எழுதி வாங்குங்கள். அந்தக் கருவி சூட்டை மட்டும் எழுதாது, எந்த நேரத்தில் எந்த இடம் என்பதையும் சேர்த்து எழுதும். உங்கள் மீன் கிடக்கிற பாரு (கடலடிப் பாறைத் திட்டு) எது என்று அதில் தெரியும். எல்லைக் கோட்டுக்கு எந்தப் பக்கம் வலை இறங்கியது என்பதும் தெரியும். சூட்டை எல்லோருக்கும் கொடுங்கள், இடத்தை மங்கலாக்கிக் கொடுங்கள். அந்த இடத்தை யார் யார் பார்ப்பார்கள், நேவி பார்க்குமா, மீன்துறை பார்க்குமா, அக்கரைக்காரன் பார்ப்பானா என்பதற்குத் தமிழில், காகிதத்தில், கையெழுத்தோடு பதில் வரும்வரை படகில் ஆணி அடிக்க விடாதீர்கள்.